இடப்பக்கத்து இரைச்சல்

ஷென்ஜென், பாவ்ஆன்
ச்சிங்மிங் கல்லறைத் திருநாள் கழிந்து ஐந்தாம் நாள்

அன்புள்ள நிங்நிங்குக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே நலம், ஹார்பினில் உனக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். எழுத்தைப் பார்த்தால் முகத்தைப் பார்த்த மாதிரி என்பார்கள், என் எழுத்து இருக்கிற லட்சணத்துக்கு நீ முகமே தேவலை என்பாய். இருந்தாலும் போனில் பேசினால் நாம் இருவரும் மூன்றாவது வாக்கியத்தில் சண்டைக்கு நின்றுவிடுகிறோம், இப்போது நீ என் போனை எடுப்பதும் இல்லை, அதனால் இதை எழுதிப் பார்சல் பெட்டிக்குள் வைத்து அனுப்புகிறேன். இங்கே சுவரெல்லாம் வியர்க்கிற காலம், துணி மூன்று நாளாகியும் காயவில்லை, ஹூனானிலிருந்து உன் சித்தி அனுப்பிய புகைக்கறியில் பூஞ்சை பிடித்துவிட்டது, சாராயத்தில் துடைத்து மறுபடி தொங்கவிட்டிருக்கிறேன், அதில் பாதியும் ஒரு புட்டி மிளகாய்த் தொக்கும் இந்தப் பெட்டியில் இருக்கின்றன. உன் அப்பாவின் கணுக்கால் வீக்கம் வடிந்துவிட்டது, வேன் ஓட்டுகிறார், மூட்டை தூக்காதே என்று சொன்னால் தூக்கிவிட்டு வந்து தூக்கவில்லை என்கிறார்.

அவர் உன் ரகசியத்தைக் காப்பாற்றிய அழகைச் சொல்கிறேன் கேள். போன வாரம் சாப்பிடும்போது, 'உன் பொண்ணு நேரலை விற்பனையில ஒரு பொட்டி பாத்து வச்சிருக்கா, ஹெட்போன்ல கேக்கறதுக்கு, ஆயிரத்து முந்நூறு யுவானாம், மூணு தவணையாம், உன்கிட்ட சொல்ல வேணாம்னா, நான் சொல்லல' என்று சொல்லிவிட்டு மீன் தலையை என் கிண்ணத்தில் வைத்தார். சொல்லாமல் இருப்பது அவருக்கு இப்படித்தான் வரும். அதோடு, பேச்சுப் பதிவுகளைக் கேட்டுத் தட்டெழுதும் உன் வேலையில் மூன்று கோப்புகளைத் தப்பு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், இந்த மாதக் கடைசியில் உன் சோதனைக் காலம் முடிகிறது, இன்னும் ஒன்று திரும்பினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்பதையும் அவர் சொல்லவில்லை, அதாவது முழுக்கச் சொன்னார்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்கிறேன், மற்றதை அப்புறம் சொல்கிறேன். அந்த ஆயிரத்து முந்நூறு யுவான் பெட்டியை வாங்காதே. அது கெட்ட பெட்டி அல்ல, கனத்த ஹெட்போன் வைத்துக்கொண்டு வாத்திய இசை கேட்கிற காய்ச்சல்காரர்களுக்கு ஆனது, அந்தப் பைத்தியம் பிடித்தவர்களை நம் மார்க்கெட்டில் அப்படித்தானே சொல்வோம். உன் ஹெட்போன் சின்னது, அதற்கு அவ்வளவு பலம் வேண்டாம், பலம் கூடினால் இரைச்சலும் சேர்ந்து கூடும். பெட்டி மேல் முப்பத்திரண்டு பிட், எழுநூற்று அறுபத்தெட்டு கிலோஹெர்ட்ஸ் என்று எண்களை அச்சடித்திருப்பார்கள், நீ கேட்பது யாரோ மேசை மேல் போனை வைத்துப் பதிவு செய்த கூட்டத்துப் பேச்சு, அதற்கு அந்த எண்கள் கஞ்சிக்குத் தங்கக் கரண்டி. லேப்டாப்பின் சொந்தத் துளை ஏன் இரைகிறது என்றால் உள்ளே விசிறியும் மின்சாரமும் எல்லாமும் ஒரே பலகையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன, ஒலியை வெளியே இழுத்து வந்துவிட்டால் பாதி நோய் தீர்ந்தது, அதற்கு ஒரு முனையை லேப்டாப்பில் செருகி மறுமுனையில் ஹெட்போனை மாட்டுகிற விரல் நீளக் கேபிள் போதும், குட்டி வால் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். அதில் பார்க்க வேண்டியது, கேபிள் உடம்போடு சேருகிற இடம் தடித்திருக்கிறதா என்று, ஒடிவது எப்போதும் அங்கேதான். உன் லேப்டாப் பழசு, அதன் யூ.எஸ்.பி. துளை அகல வாய், அதற்கு ஒரு மாற்றுச் செருகியும் வேண்டும். அப்புறம் இரைச்சல் இருக்கிறதா என்று பார்க்க வெறுமனே மாட்டிக் கேட்டால் தெரியாது, ஒன்றும் ஓடவில்லை என்றால் இந்த வால்கள் தாமாகவே வாயை மூடிக்கொள்ளும், அதனால் சத்தமே இல்லாத ஒரு கோப்பை ஓடவிட்டு அதைக் கேட்க வேண்டும். பதினோரு வருடமாக நான், இந்த வால்களைச் செய்கிற எங்கள் தொழிற்சாலையின் கேட்பு அறையில் உட்கார்ந்து செய்தது அந்த வேலைதான், ஒன்றுமில்லாததைக் கேட்டுக் கேட்டு, சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கரில் ஏழு என்று என் எண்ணை எழுதி ஒட்டுவது.

இனி மற்றது. போன இலையுதிர்காலத்தில் எங்கள் சரக்கிலிருந்தே ஒரு குட்டி வாலை உனக்கு அனுப்பினேன், நான் கேட்டு நான் ஒட்டியது. வசந்த விழா அன்றைக்கு நீ போனில், 'அம்மா, இடப்பக்கம் உஸ்ஸுன்னு ஒரே இரைச்சலா இருக்கும்மா, மெதுவா பேசறவங்க வார்த்தையெல்லாம் முழுங்கிடுது' என்றாய். சார்ஜரைப் பிடுங்கிப் பார் என்றேன், பிடுங்கிவிட்டு அப்பவும் இருக்கு என்றாய். லேப்டாப் கோளாறு என்றேன், அறைத்தோழியின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்துவிட்டு அதுலயும் இருக்கு என்றாய். ஒரு சோதனைக்காரி செய்ய வேண்டிய எல்லாவற்றையும் நீ ஒழுங்காகச் செய்தாய். நான் சொன்னது உனக்கும் நினைவிருக்கும், எனக்கும் நினைவிருக்கிறது. 'ஏழாம் நம்பர் ஒட்டின சாமான்ல குறை இருக்காது, உனக்குத்தான் மரக்காது, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்' என்றேன். நீ போனை வைத்தாய். அதற்குப் பிறகு உன் அப்பாவிடம்தான் பேசுகிறாய்.

உனக்கு வேறு ஒன்று வாங்கித் தந்து வாயடைக்கலாம் என்ற எண்ணத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை ஹுவாசியாங்பெய் மின்சாமான் மார்க்கெட்டுக்குப் போனேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் மாடியில் ஒரு மீட்டர் அகலத்தில் மேசை போட்டுக் குட்டி வால் விற்கிறாரே கான் அண்ணன், உனக்குப் பள்ளிக்கூடக் காலத்தில் கால்குலேட்டர் பழுது பார்த்துக் கொடுத்தவர், அவரிடம்தான். விஷயத்தைச் சொன்னதும் அவர் தலையைச் சொறிந்துகொண்டு, 'அக்கா, கோச்சுக்காதீங்க, உங்க ஃபேக்டரி சரக்கு எங்கிட்டயே மூணு திரும்பி வந்திருக்கு, மூணுமே இடப்பக்கம் இரையுதுன்னு' என்றார். வாங்கினவர்களின் காதைக் கழுவச் சொல்லுங்கள் என்றேன். அவர் மனைவி ச்சுன்லான் கொட்டைகளைக் கொறித்துக்கொண்டே, 'அப்ப கழுவின காதைக் கொண்டு வந்திருக்கீங்கல்ல, உள்ள வாங்க, பாத்துடுவோம்' என்று அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருக்கும் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். கான் அண்ணன் ஐந்து கருவிகளைத் துண்டால் மூடி, எது எது என்று தெரியாதபடி ஹெட்போனை ஒவ்வொன்றாக மாட்டினார். முதலில் மனிதப் பேச்சு, அப்புறம் சத்தமில்லாத கோப்பு. நீ பார்த்து வைத்திருந்த ஆயிரத்து முந்நூறு யுவான் பெட்டியும் உள்ளே இருந்தது, நூற்றுப் பத்தொன்பது யுவானுக்கு ஒன்றும் இருந்தது, பேச்சில் இரண்டுக்கும் வித்தியாசம் எனக்கும் தெரியவில்லை, ச்சுன்லானுக்கும் தெரியவில்லை, கான் அண்ணன் மட்டும் தெரிகிறது என்றார், விற்கிறவருக்குத் தெரியாமல் இருக்குமா.

நான்காவதைக் கேட்டுவிட்டு, இதுதான் எல்லாவற்றிலும் சுத்தம், ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை என்றேன். ச்சுன்லான் வாங்கிக் கேட்டாள். கேட்டவுடன் முகத்தைச் சுளித்து, 'அக்கா, வெளையாடறீங்களா? இடப்பக்கம் எண்ணெ காயற மாதிரி இரையுதே' என்றாள். நான் மறுபடி மாட்டிக் கேட்டேன், ஒன்றும் இல்லை. உனக்கும் மரக்காதா என்று அவளையும் வைதேன். அவள் என் தலையிலிருந்து ஹெட்போனைக் கழற்றி, இடதை வலதாகத் திருப்பி மாட்டிவிட்டாள். நிங்நிங், அப்போது கேட்டது. வலது காதில், வாணலியில் எண்ணெய் காய்கிற மாதிரியேதான், உஸ்ஸென்று, நிற்காமல். திருப்பி மாட்டினால் இல்லை, மறுபடி திருப்பினால் இருக்கிறது. நான்கைந்து தடவை திருப்பித் திருப்பி மாட்டிக்கொண்டேன், அவர்கள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கான் அண்ணன் துண்டை எடுத்தார், திரும்பி வந்த மூன்றில் ஒன்று, எங்கள் தொழிற்சாலை வால், பச்சை ஸ்டிக்கர், என் கையெழுத்தில் ஏழு.

ச்சுன்லான் தேநீர் கொடுத்தாள், குடித்தேனா என்று நினைவில்லை. கொஞ்ச நாளாக வலப்பக்கம் சாய்ந்து படுத்தால் கொசுச் சத்தம் கேட்பதில்லை, நான் இந்த வருடம் கொசு குறைந்துவிட்டது என்று உன் அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனேன், கண்ணாடி அறையில் உட்காரவைத்துப் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள், டாக்டரம்மா படத்தைக் காட்டி, 'மேல் சுருதிச் சத்தம் எதுவும் உங்க இடது காதுல விழல, இன்னிக்கு நேத்து வந்தது இல்ல, பேச்சு கேக்கறதால தெரியாமப் போயிருக்கு' என்றார். வலது காது வயசுக்கு ஏற்ற மாதிரி நன்றாகத்தான் இருக்கிறது, இடதில் உள்ள குறை இனி கூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார், அவ்வளவுதான், நீ பயப்படாதே.

மறுநாள் நேரே மேற்பார்வையாளர் யூவிடம் போனேன். எங்கள் பழைய யந்திரம் சத்தம் வருகிறதா என்று மட்டும்தான் பார்க்கும், இரைச்சலைப் பிடிப்பது காதின் வேலை, அந்தக் காது போய்விட்டது என்று சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, 'அக்கா, ஓய்வுக்கு ரெண்டு வருசந்தான் பாக்கி, ஒருத்தரும் இங்க புகார் பண்ணல, நீங்களா ஏன் குழி தோண்டி உக்கார்றீங்க' என்றார். நல்ல மனுஷன்தான், எனக்காகத்தான் சொன்னார். 'புகார் வந்துச்சு சார், என் பொண்ணு பண்ணினா, நான்தான் எழுதிக்கல' என்றேன். குடோனில் மீதியிருந்த அந்தச் சரக்கை எடுத்து, யான்மெய் என்று ஒரு கெட்டிக்காரப் பெண் இருக்கிறாள், அவளைக் கேட்கச் சொன்னார்கள், நாற்பத்திரண்டில் ஒன்பது இரைந்தன, எல்லாம் இடப்பக்கக் கம்பியைப் பற்றவைத்த சாலிடரில் கோளாறு. வலப்பக்கம் கோளாறு வந்தவற்றையெல்லாம் நான் சரியாகப் பிடித்துத் தள்ளியிருக்கிறேன், அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இப்போது கேட்பு அறையில் யான்மெய் இருக்கிறாள், நான் பொதி கட்டும் மேசையில் இருக்கிறேன், சம்பளம் சற்றுக் குறைவு, ஆனால் ஜன்னல் இருக்கிறது, பேச ஆட்கள் இருக்கிறார்கள், ஒன்றும் மோசமில்லை.

உன் மேல் கோபப்பட்டது ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். நீ குறை சொன்னது வாலை, நான் அதை என் பதினோரு வருடத்தைச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன். உனக்குச் சரியாகக் கேட்டது. நான் அதைக் கேட்கவில்லை, காதால் கேட்காதது நோய், நீ சொல்லியும் கேட்காதது என் திமிர். நம் வீட்டில் மன்னிப்புக் கேட்கிற வழக்கம் கிடையாது, பழம் நறுக்கிக் கதவருகே வைப்பதுதான் வழக்கம், ஹார்பினுக்கு நறுக்கிய பழத்தை அனுப்ப முடியாது, அதனால் எழுதியே சொல்கிறேன், அம்மா உன்னைத் தவறாகப் பேசிவிட்டேன், அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. மஞ்சள் உறையில் தனியாக ஒரு தாள் இருக்கிறது, இன்ன சரக்கில் இன்ன வால் இடப்பக்கம் பழுதானது, சோதித்துத் தவறாகத் தேறவைத்தவள் பான் சூயிங் என்று எழுதி யூவிடமும் முத்திரை வாங்கியிருக்கிறேன். உன் மேலாளரிடம் கொடு. வெட்கப்பட்டுக்கொண்டு மேசை இழுப்பறையில் போட்டுவிடாதே, திரும்பிய மூன்று கோப்புகளையும் நல்ல கருவியில் மறுபடி கேட்டுத் திருத்தித் தருகிறேன் என்று நீயே கேள், தாள் கையில் இருக்கும்போது குரல் நடுங்காது.

இந்தப் பார்சலில் உள்ளது அந்த நூற்றுப் பத்தொன்பது யுவான் வால், எங்கள் தொழிற்சாலையுடையது அல்ல, மாற்றுச் செருகியும் கூட இருக்கிறது, தொக்குப் புட்டியிலிருந்து தள்ளி வைத்துக் கட்டியிருக்கிறேன், ஆனாலும் துடைத்துவிட்டுச் செருகு. சத்தத்தை அடியிலிருந்து மெல்ல ஏற்று, மணிக்கொரு தடவை ஹெட்போனைக் கழற்றி வை, இந்த ஒன்றை மட்டும் அம்மா சொன்னால் கேள், ஏன் என்று இனி நீ கேட்க மாட்டாய். அங்கே ஆற்றில் பனிக்கட்டி உடைகிற சமயம், ஓரத்தில் நடக்காதே, நல்லபடியாகச் சாப்பிடு, வேலை நிலைக்கட்டும், நீ நன்றாக இரு. புது வாலை நான் வலது காதில் கேட்டேன், யான்மெய் இரண்டு காதிலும் கேட்டாள், ஆனாலும் எண் எதுவும் ஒட்டவில்லை. எண் எழுதாத பச்சை ஸ்டிக்கர் ஒன்று உறைக்குள் இருக்கிறது. சத்தமில்லாத கோப்பை ஓடவிட்டு இரண்டு பக்கமும் கேட்டுப் பார், சரியாக இருந்தால் உனக்குப் பிடித்த எண்ணை எழுதி நீயே ஒட்டு, சரியில்லை என்றால் எனக்குப் போன் பண்ணிச் சொல், வலது காதில் வைத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பான் சூயிங்