உங்கள் எஞ்சின் இந்தக் குளிரில் வெடிக்கவில்லை, அண்ணை

நான் எந்த நேரம் கூப்பிட்டாலும் "ஓம், சொல்லு" என்று பதில் தருகிற என் அண்ணைக்கு,

இந்த முறை பதில் வராது என்று தெரியும். ஆனாலும் சொல்லாமல் இருக்க ஏலாமல் இருக்கிறது. நீங்கள் போய் ஐந்து மாதமாகிறது. அதற்குள் உங்கள் படகில் நடந்ததைக் கேட்டால் நம்பமாட்டீர்கள். தண்ணீரைக் கண்டால் நாலடி தள்ளி நிற்கிற உங்கள் தங்கச்சி, உங்கள் எஞ்சினைத் தன் கையாலேயே குளிர்காலத்துக்கு ஆயத்தப்படுத்தியிருக்கிறாள்.

முதலில் உங்களிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். ஊரில் சண்டை நின்று, பாதை திறந்து, ஜெர்மனியில் இந்த எசன் நகரத்தில் இருக்கிற எங்கடை சனமெல்லாம் வருஷக்கணக்குக்குப் பிறகு ஊருக்கு டிக்கெட் போட்ட கோடை அது. நீங்கள் மட்டும் அந்தக் காசைக் கொண்டுபோய், கால்வாயில் நின்ற ஒரு பழைய இரும்புப் படகை வாங்கினீர்கள். "உங்களுக்கென்ன விசரோ?" என்று நான் கத்தினேன். நீங்கள் கோபிக்கவில்லை.

"பதினேழு வருஷமா இந்த நாட்டை வேலைக்குப் போற பஸ்ஸுக்குள்ளை இருந்துதான் பாத்தனான். தண்ணியிலை இருந்து பாத்தால் வேறை நாடு, வசந்தி. ஒருக்கா வந்து பாரன்."

நான் போகவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டீர்கள். ஒவ்வொரு ஞாயிறும் எனக்கு ஒரு சாட்டு இருந்தது. செப்டெம்பரில், இரும்பு வார்க்கிற உங்கள் தொழிற்சாலையில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மர வாங்கில் குந்திய நீங்கள் பிறகு எழும்பவில்லை. உங்கள் உடுப்புகளோடு அந்தப் படகின் சாவியையும் ஒரு கடித உறைக்குள் போட்டு என் கையில் தந்தார்கள். நான் அதை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஒக்டோபர் நடுவில் ஒரு தொலைபேசி வந்தது. ஃப்ராவ் லேமன், அதாவது லேமன் அம்மா. உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். உங்கள் படகுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிற படகு அவவுடையது. முப்பது வருஷம் ட்ராம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். பெலா என்று குட்டைக்கால் நாயொன்று வைத்திருக்கிறார்.

"இன்னும் இரண்டு கிழமையில் உறைபனி வந்துவிடும்," என்றார். "உங்கள் அண்ணனின் எஞ்சினுக்குள் கால்வாய்த் தண்ணீர் நிற்கிறது. உங்களுக்குத் தெரியுமா?"

எனக்கு எப்படித் தெரியும்? அவர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். உங்கள் எஞ்சின் கால்வாயில் இருந்து தண்ணீரை உறிஞ்சி, தன்னைக் குளிர்த்திக்கொண்டு, பின்பக்கத்தால் துப்பிவிடுமாம். நிறுத்தினாலும் உள்ளே மூலைமுடுக்கில் கொஞ்சம் நின்றுவிடுமாம். அது உறைந்தால் பருக்குமாம். பருத்தால் இரும்பைப் பிளக்குமாம்.

"இரும்பையா?" என்று கேட்டேன்.

"இரும்பைத்தான். அதற்கு முன்னம் உறையாத ஒரு திரவத்தை உள்ளே விட வேண்டும்."

அன்றைக்கு என் மனிசன், உங்கள் மச்சான், சாப்பிட்டுக்கொண்டே சொன்னார், "விடு, வித்துப்போடுவம்."

"வெடிச்ச எஞ்சினை ஆர் வாங்குவினம்?" என்றேன். அதைச் சொன்னது விற்கிற எண்ணத்தில் இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும். நீங்கள் கடைசியாகக் கைவைத்து ஓடவிட்ட பொருள் அது. அது வெடித்துப் போக நான் பார்த்துக்கொண்டிருப்பதா?

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் முதன்முதலாக உங்கள் படகில் கால் வைத்தேன். கைபிடியைப் பிடித்த கையை எடுக்கப் பயம். இருக்கைப் பெட்டிக்குள் உங்கள் மழைச்சட்டை, ஒரு தேநீர்க் கோப்பை, பின்னால் பாதிக்குமேல் நிறைந்த ஒரு பிளாஸ்டிக் கான். அதில் ஃப்ரோஸ்ட்ஷுட்ஸ் என்று எழுதியிருந்தது. அட, உறைதடுப்புத் திரவத்தை அண்ணை ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறாரே என்று சந்தோஷம் தாங்கவில்லை. எவ்வளவு இருக்கிறது, நல்லதாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றிக் கரைப்பலகையில் வைத்தேன். பச்சை நிறம். வெயிலில் பார்க்க ஷர்பத் மாதிரி இருந்தது. மூடியைத் தேடி உள்ளே போனேன்.

வெளியே வந்தபோது பெலா கிண்ணத்தை நக்கிக்கொண்டிருந்தது. கிண்ணத்தில் பாதி இல்லை.

துரத்தினேன். அது வாலை ஆட்டியது. ஒன்றுமே நடக்காத மாதிரி நின்றது. நான் கானைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எச்சரிக்கைக் குறி. கார்களுக்கானது, விழுங்கினால் ஆபத்து என்று எழுதியிருந்தது. அண்ணை, ஒளிக்காமல் சொல்கிறேன், ஒரு நிமிஷம் நான் அசையாமல் நின்றேன். யாரும் பார்க்கவில்லை. நாய் நன்றாகத்தான் நிற்கிறது. ஃப்ராவ் லேமன் தன் படகுக்குள் கெற்றிலில் தண்ணீர் கொதிக்கவைக்கிற சத்தம் கேட்டது. சொன்னால் என்ன நினைப்பார்? இருக்கிற ஒரே துணையை இவள் நஞ்சு வைத்துக் கொன்றாள் என்று நினைக்க மாட்டாரா?

பிறகு கத்தினேன். ஜெர்மன் மறந்து தமிழில்தான் கத்தியிருக்கிறேன். "ஓடி வாங்கோ! நஞ்சைக் குடிச்சிட்டுது!" அவருக்கு ஒரு சொல்லும் விளங்கியிருக்காது. ஆனால் என் கையில் இருந்த கானைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார், நாயைத் தூக்கினார். "அந்தக் கானையும் கொண்டு வாருங்கள்," என்றார். அவ்வளவுதான்.

மிருக வைத்தியர் ஓர் இளம் பெண். கானை வாங்கி வாசித்த உடனே முகம் மாறியது. எப்போது குடித்தது என்று கேட்டார். இருபத்தைந்து நிமிஷம் என்றேன். பெலாவை, குடித்ததைச் சத்தியெடுக்க வைத்தார்கள். பிறகு காலில் ஊசி குத்தி ஒரு போத்தலைத் தொங்கவிட்டார்கள். அது என்ன மருந்து என்று கேட்டேன்.

"அல்ககோல்," என்றார்.

நான் மூன்று தரம் கேட்டேன். நாய்க்குச் சாராயம் ஏற்றுகிறார்களா? ஓம் அண்ணை, ஏற்றினார்கள். அவர் அதற்கு விளக்கமும் சொன்னார். அந்தப் பச்சைத் தண்ணீர் இனிப்பானதாம். அதனால்தான் மிருகங்கள் தேடிக் குடிக்குமாம். அது தானாக அவ்வளவு கெடுதல் செய்யாதாம். ஈரல் அதை உடைக்கத் தொடங்கும்போதுதான் சிறுநீரகத்தைக் கொல்கிற நஞ்சாக மாறுமாம். ஈரலுக்கு அல்ககோலைக் கொடுத்தால், அது முதலில் அதைத்தான் உடைக்கப் போகுமாம். அது அந்த வேலையில் மினக்கெட்டுக்கொண்டிருக்க, பச்சைத் தண்ணீர் மாறாமல் அப்படியே மூத்திரத்தோடு வெளியே போய்விடுமாம்.

ஒரு சின்ன நாயின் வயிற்றுக்குள் இப்படி ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று யார் நினைப்பார்கள்? அதைக் கண்டுபிடித்த மனிசர் யார்? எங்கள் வீட்டில் சாராயப் போத்தலை உள்ளே விடாதவள் நான். அன்றைக்கு அந்தத் தொங்குகிற போத்தலில் இருந்து ஒவ்வொரு சொட்டு விழும்போதும் மனதுக்குள் கும்பிட்டேன்.

பெலா சாராய வெறி ஏறி, தலையைத் தூக்க மாட்டாமல் கிடந்தது. ஃப்ராவ் லேமன் அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார். நான் பக்கத்துக் கதிரையில் இருந்து, "என்னை மன்னியுங்கள்," என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கள் உடனே சொன்னீர்கள். ஒரு மணித்தியாலம் கழித்துச் சொல்லியிருந்தால் நான் உங்களை மன்னித்திருக்க மாட்டேன்."

நான் தயங்கி நின்ற அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றி அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

இரண்டு நாள் அங்கே வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் இரத்தப் பரிசோதனை சரியென்று வந்தது. பெலா வாசலைக் கண்டதும் என் மேல்தான் முதலில் பாய்ந்தது. என் பாவாடை எல்லாம் மண். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது.

அடுத்த கிழமை ஃப்ராவ் லேமனே என்னைப் படகுச் சாமான் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு சுவர் முழுக்கக் கான்கள். நீலம், பச்சை, மஞ்சள், இளஞ்சிவப்பு. கடைக்காரர் முதலில் கேட்டது விலையைப் பற்றி இல்லை. "உங்கள் எஞ்சின் குளிர்வது மூடிய சுற்றிலா, கால்வாய்த் தண்ணீராலா?" என்றுதான் கேட்டார். கால்வாய் என்றேன். ஏதோ தெரிந்தவள் மாதிரிச் சொன்னேன்.

"அப்படியென்றால் வசந்தத்தில் நீங்கள் ஸ்டார்ட் பண்ணும்போது உள்ளே இருக்கிறது எல்லாம் வெளியே வரும். காருக்கு விடுகிறதை இதற்குள் விடாதீர்கள்," என்று இளஞ்சிவப்புக் கானைக் கீழே இறக்கினார். உறையாத திரவமெல்லாம் கிளைக்கோல் என்கிற சாமானில்தானாம், இது அதில் வேறு வகையாம். நஞ்சு மிகக் குறைவாம். சுற்றுலா போகிற வீட்டு வண்டிகளின் குடிதண்ணீர்க் குழாய்க்குக்கூட அதைத்தான் விடுவார்களாம். பக்கத்தில் அதைவிட மலிவாக ஒன்று இருந்தது. அதில் ஸ்பிரிட் கலந்திருக்கிறது, பம்புக்குள் இருக்கிற றப்பரைக் காயவைத்துவிடும் என்றார். கானில் மைனஸ் இருபத்தைந்து என்று அச்சடித்திருந்தது. "அந்த இலக்கம் தனியாக இருக்கும்போதுதான். உள்ளே நிற்கிற தண்ணீரோடு கலந்தால் பலம் குறையும். ஆனபடியால் தாராளமாக விடுங்கள்."

அவருடைய வாய்ச்சொல் எனக்குப் போதவில்லை, கண்ணால் பார்க்க வேண்டும் போல இருந்தது. வீட்டுக்கு வந்து மூன்று ஜாம் போத்தல் எடுத்தேன். ஒன்றில் வெறும் தண்ணீர், ஒன்றில் பாதிக்குப் பாதி, ஒன்றில் இளஞ்சிவப்பு மட்டும். மூடிகளை இறுக்கி, பைகளில் கட்டி, குளிர்பெட்டியின் ஆழ்குளிர்த் தட்டில் வைத்தேன். உங்கள் மச்சான் "இதென்ன ஐஸ்பழமோ?" என்று கேட்டார்.

அடுத்த நாள் பின்னேரம் எடுத்துப் பார்த்தேன். தண்ணீர்ப் போத்தல் கழுத்தில் இருந்து அடி வரைக்கும் பிளந்து கிடந்தது. பாதி கலந்தது மெத்தென்ற சேறு மாதிரி. மூன்றாவது, அதே குளிரில் அதே தட்டில் இருந்தது, ஆட்டினால் தளும்பியது. பிளந்த போத்தலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நாங்கள் குடிக்கிற, குளிக்கிற, கும்பிடுகிற தண்ணீர், யாரும் தொடாமல், சத்தம் போடாமல், கண்ணாடியைப் பிளந்திருக்கிறது. இவ்வளவு பலம் இதற்கு எங்கேயிருந்து வருகிறது? இத்தனை நாளும் நான் இதையா தேநீருக்குக் கொதிக்கவைத்தேன்?

உறைபனிக்கு மூன்று நாள் முன்னம் வேலையைச் செய்தோம். முதலில் எஞ்சினைச் சூடாக ஓட விட வேண்டும், அப்போதுதான் உள்ளே இருக்கிற வாசல்கள் திறந்து திரவம் எல்லா இடமும் போகும் என்றார் ஃப்ராவ் லேமன். "சாவி உங்கள் கையில். திருப்புங்கள்."

திருப்பினேன். இருமியது. இன்னொருக்கா திருப்பினேன். அண்ணை, அந்தச் சத்தம்! பலகை நடுங்கி, என் உள்ளங்கால் நடுங்கி, பல்லு வரைக்கும் வந்தது. நீங்கள் நிறுத்திவிட்டுப் போன இடத்தில் இருந்து அது தொடங்கியது. நான் "அண்ணை" என்று சொல்லிவிட்டேன் போல. ஃப்ராவ் லேமன் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு நிறுத்தி, கால்வாய்த் தண்ணீர் வருகிற வால்வைப் பூட்டி, குழாயைக் கழற்றி வாளிக்குள் விட்டோம். அவர் திரும்பவும் சாவியைத் திருப்ப, நான் வாளியடியில் நின்றேன். எஞ்சின் உறிஞ்ச உறிஞ்ச நான் கானைச் சரித்து ஊற்றிக்கொண்டே இருந்தேன். காற்றை உறிஞ்ச விடக்கூடாதாம். பின்பக்கத்தில் கட்டியிருந்த இன்னொரு வாளிக்குள் முதலில் கலங்கல் தண்ணீர் வந்தது, பிறகு நிறம் மாறி, பிறகு நல்ல இளஞ்சிவப்பாகக் கொட்டியது. "நிறத்தை மட்டும் நம்பாதே," என்று ஃப்ராவ் லேமன் விரல் நீளக் குழலொன்றைத் தந்தார். வாளியில் இருந்து ஒரு சொட்டை அதில் வைத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே நீலமும் வெள்ளையும் பிரிகிற கோடு, எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று காட்டியது. போதும் என்றது. அப்போதுதான் கவனித்தேன், அவர் என்னை "டு" என்று ஒருமையில் கூப்பிடத் தொடங்கியிருந்தார். சிநேகிதரைக் கூப்பிடுகிற மாதிரி.

ஜனவரியில் வந்த குளிர் லேசானதில்லை. ஒரு கிழமை கால்வாயே உறைந்து கிடந்தது. எனக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. போனேன். அந்தப் பக்கம் மூன்றாவது படகின் சொந்தக்காரர் தலையில் கைவைத்து நின்றார். அவருடைய எஞ்சினின் பக்கவாட்டில், கை அகலத்துக்கு வெடிப்பு. "பிறகு செய்யலாம் என்று இருந்தேன்," என்றார்.

நான் உங்கள் எஞ்சின் மூடியைத் தூக்கினேன். டோர்ச் வெளிச்சத்தில் ஒரு அங்குலமும் விடாமல் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. வடிகட்டி மூடியைத் திறந்தேன். மிச்சத் தண்ணீரோடு கலந்த இடத்தில் அது இளஞ்சிவப்புக் கூழாக, மெத்தென்று இருந்தது. விரலை வைத்தேன், அமிழ்ந்தது. வெளியே கால்வாய் கல்லாகக் கிடக்கிறது. உள்ளே உங்கள் எஞ்சின் பஞ்சைக் கட்டிக்கொண்டு படுத்திருக்கிறது. நான் முழங்காலில் இருந்தபடியே கையைக் கூப்பினேன். யாரைக் கும்பிட்டேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

நேற்றுப் படகோட்டும் அனுமதிப்பத்திர வகுப்புக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்தேன். உங்கள் மச்சான் வாயைப் பிளந்தார்.

"உமக்கு நீந்தவே தெரியாதே!"

"அதுக்கும் பதிஞ்சிட்டன்," என்றேன்.

ஏப்ரலில் அந்த இளஞ்சிவப்பில் ஒரு துளிகூடக் கால்வாயில் விழாமல் வாளியில் பிடிப்பேன், அண்ணை. பரீட்சையில் ஒருக்கா விழுந்தாலும் இரண்டாம் தரம் போவேன். ஃப்ராவ் லேமனிடம் அந்த ஒரு நிமிஷத்தைச் சொல்வேன். அதற்குப் பிறகும் அவர் என் படகில் ஏறினால், பெலாவை மடியில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் இருக்க, நான் ஓட்டுவேன். இது என் சத்தியம்.

கால்வாயின் கரையில் இருந்து,
உங்களோடு பிறந்த ஒரே தங்கச்சி
வசந்தி