ஒரு தலை அதிகம்

அம்மாவுக்கு வணக்கம். உன் முட்டிவலி இப்போது தேவலையா? நான் நலம்தான். கண்காட்சிகளுக்கு மேடை அடிக்கும் இந்த வேலையில் இது மூன்றாவது தலைநகரம். "போற ஊரையெல்லாம் சுத்திப் பார்த்து எழுதுடா" என்பாயே, அதனால் லீவு நாளில் பழைய அரண்மனைக்குப் போனேன்.

உள்ளே ஒரு சுற்றுலாக் கூட்டம். வழிகாட்டி தமிழில் பேசிக்கொண்டிருந்தார். எங்கள் குழுவில் தமிழ் பேச ஆளில்லையா, கால் தானாக அவர்கள் பின்னால் போய்விட்டது. எந்த ராஜா எதைக் கட்டினார் என்பதெல்லாம் மனதில் நிற்கவில்லை. பேச்சைக் கேட்டுக்கொண்டே நடந்தேன். ஒரு கூடத்தில் அவர் நின்று தலைகளை எண்ணினார். ஒரு தலை அதிகமாக வந்தது.

"யாரோ ஒருத்தன் ஒட்டிக்கிட்டே வரான். எல்லாரும் பையைப் பத்திரமா பிடிச்சுக்குங்க" என்றார்.

ஓர் அம்மாள் மட்டும் கிட்டே வந்து, "தம்பி, நீங்க தமிழா?" என்று கேட்டார். பெயிண்ட் ஒட்டிய பேன்ட்டோடு நின்ற நான் இல்லையென்று தலையாட்டிவிட்டேன். நினைத்தால் இன்னும் உடம்பு கூசுகிறது.

அது கிடக்கட்டும். இந்தப் பக்கம் யாராவது வந்தால் பழைய வாரப் பத்திரிகைகள் நாலு கொடுத்தனுப்பு. கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. கீழே வேன்காரர் ஹார்ன் அடிக்கிறார், முடிக்கிறேன்.

ஒன்றை எழுதாமல் விட்டேன். நான் திரும்பி நடந்தபோது அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது: "பாவம், யாரு பெத்த புள்ளையோ."

நீ பெற்ற பிள்ளை