சாமியார்பேட்டையில் ஒரு பங்குனி ஆமை

இரண்டு முறை சோப்புப் போட்டும் ஈரச்சாக்கின் வாடை கையைவிட்டுப் போகவில்லை. இப்படி வந்து நின்றால் நீ என்னை அடுப்படிக்குள் விட்டிருக்க மாட்டாய்.

இன்று காலை சாமியார்பேட்டைக்குப் போனேன். நீ இறந்த பிறகு தனியாகப் போனது இதுதான் முதல் முறை. கரையில் ஒரு பங்குனி ஆமை கிடந்தது. கழுத்தில் வலை அறுத்த காயம், கண் மூடியிருந்தது. வேனில் சுற்றுலா வந்தவர்கள் அதைத் தூக்கிக் கடலில் விடப் போனார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான், அதுதான் தொல்லை.

கடலூரில் நாம் முதலில் பார்த்த ஆமையையும் அப்படித்தான் கைதட்டிக் கடலில் விட்டார்கள். சற்று நேரத்தில் அலை அதைப் பிணமாகக் கொண்டுவந்து போட்டது. வலையில் மூச்சுத் திணறிய ஆமை செத்ததுபோலவே கிடக்கும், உடனே தண்ணீரில் விட்டால் மூழ்கிவிடும் என்று அன்று வனத்துறைக்காரர் சொன்னார். அதன்பின் நீ யாரையும் அப்படிச் செய்ய விட்டதில்லை. மாசி ஞாயிறுகளில் சிதம்பரத்திலிருந்து கிளம்பும்போது ஸ்கூட்டர் டிக்கியில் சாப்பாட்டோடு ஒரு சாக்கும் இருக்கும். கடலூர்ப் பக்கம் போனால், குடிகாட்டு ரசாயன ஆலைகளைத் தாண்டும்வரை வாடைக்குப் பயந்து என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொள்வாய்.

"செத்துப்போச்சின்னு நீங்களா முடிவு பண்ணாதீங்க மாமா. நெழல்ல போட்டு ஒக்காருங்க. நாளைக்கிகூட மூச்சு வரும்" என்பாய். புதுக்குப்பத்தில் ஒருமுறை சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தோம். ஆமை தலையைத் தூக்கியதும் நீ அழுதாய். நான் பசிக்கிறது என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

இன்று நானே அவர்களை மறித்து அதைப் படகு நிழலுக்கு இழுத்தேன். உள்ளே போன தண்ணீர் வடியப் பின்பக்கத்தை மணலால் உயர்த்தி, மூக்கை விட்டுவிட்டு, நனைத்த சாக்கைப் போர்த்தினேன்.

"உசுருக்குப் போராடுறத கடல்ல விடாம தடுக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுசனா?" என்றார் வேன்காரர்களில் ஒருவர்.

நீயாக இருந்தால் சிரித்துப் பேசியே அவரைப் பக்கத்தில் உட்கார வைத்திருப்பாய். நான் கத்தினேன். திட்டிக்கொண்டே போய்விட்டார்கள். வனத்துறைக்குப் போன் செய்துவிட்டு, வெயில் சாயும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அங்கிருந்து வந்தவர் அதன் கண்ணருகே தொட்டுப் பார்த்தார்.

"முடிஞ்சிபோச்சி சார். பொதச்சிடலாம்."

புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நர்ஸும் முடிந்துவிட்டது என்றுதான் சொன்னார். உன் முகத்தின்மேல் துணியை இழுத்தார், நான் விலக்கினேன். மறுபடி இழுத்தார், மறுபடி விலக்கினேன். "வாங்க மச்சான், போதும்" என்று உன் அண்ணன் என் தோளைப் பிடித்தார். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தார்கள். புத்தி தெளிவாகத்தான் இருந்தது. நீ சொன்னபடி உட்கார்ந்திருந்தேன்.

இப்போதும் விடியலில் பாதித் தூக்கத்தில் கை உன் தலையணைப் பக்கம் போகிறது, மூச்சு வருகிறதா என்று பார்க்க.