உனக்காக மூடி வைத்த குப்பி

குஸ்கோ, பெரு,
ஜூலை கடைசி.

நெலிடா அக்காவுக்கு, உன் தம்பி எல்மர் எழுதுவது. நான் நலம். அப்பாவும் நலம், கண்டுபிடித்துவிட்டேன். இந்த ஒரு வரிக்காகத்தான் உறையை அவசரமாகக் கிழித்திருப்பாய், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். மீதியை உட்கார்ந்து படி.

செல்போன் கோபுரம் பழுதுபார்க்கிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே அழ ஆரம்பிக்கிறாய். அப்புறம் மிலானில் நீ வேலைக்குப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பாட்டியம்மா கூப்பிடுகிறாள் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தையும் நீ கீழே வைக்கலாம். ஆனால் மறுபடி எடுக்கும்போது அது விட்ட இடத்திலேயே நிற்கும்.

நீ எனக்கு இரண்டு வேலை கொடுத்தாய். காட்டுப் பக்கம் போன அப்பாவை வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். பெட்டியிலிருந்து காணாமல் போன அம்மாவின் சிவப்புப் போர்வையைத் தேட வேண்டும். இரண்டாவதைத்தான் நீ அழுத்திச் சொன்னாய். யாரோ ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார் என்று நீ பயந்தது எனக்குப் புரிந்தது. எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஆனால் உன்னைப் போல எனக்கு அழுகை வரவில்லை. என்னதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் வந்தது.

வழக்கமாக அவர் என்ன செய்வார் என்பது உனக்கே தெரியும். உறைபனியில் உருளைக்கிழங்கு காய்ந்ததும் லாமாக்கள் மேல் ஏற்றுவார், கணவாயைத் தாண்டுவார், கீழே மக்காச்சோளத்துக்கும் பழத்துக்கும் மாற்றிக்கொண்டு கார்மென் மாதா திருவிழாவுக்கு முன் திரும்பிவிடுவார். இந்த முறை திருவிழா முடிந்து, முகமூடிகளையெல்லாம் கழுவிக் காயவைத்த பிறகும் ஆளைக் காணோம். நான் லீவு போட்டேன். வேலையில் ஒருவனிடம் ஒரு பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன பெரிய முதுகுப்பை இருந்தது. கூடாரம், அடுப்பு, மழைக்கோட்டு எல்லாவற்றையும் அதில் அடைத்தேன். வழியில் பவுகார்தம்போ ஊரில் அப்பாவுக்குப் பிடித்த பெரிய வட்ட ரொட்டிகளை வாங்கிப் பையின் மேல் கட்டிக்கொண்டேன். அந்த ரொட்டியால் வந்த வினையைக் கடைசியில் சொல்கிறேன்.

கணவாய்க்குப் போகும் வழியில் மூச்சு வாங்கியது. குஸ்கோவில் மாடிப்படி ஏறியே கெட்டுப்போன நுரையீரல். உச்சியில் கல் குவியல் மேல் ஒரு கல் வைத்துவிட்டு இறங்கினால், ஒரு கிழவி குல்லாய்களை நீட்டியபடி ஓடி வருகிறாள். மிஸ்டர், மிஸ்டர், போட்டோ எடுத்தா காசு குடுக்கணும் என்கிறாள். யார் என்று பார்த்தால் நம் ஃபோர்த்துனாத்தா சித்தி! நான் நம் கெச்சுவா மொழியில் பேசியதும் தலையில் அடித்துக்கொண்டாள். “அடப்பாவி, செலஸ்தினோ மவனாடா நீ? முதுகுல வீட்டையே தூக்கிக்கிட்டு வந்தா எவளுக்குத் தெரியும்? உங்கப்பன் கழுதக் கயித்த மட்டும் புடிச்சிக்கிட்டுப் போனான், நீ என்னடா கல்யாணச் சீர் கணக்கா சுமந்துக்கிட்டு வர்ற” என்றாள். அப்போது சிரித்தேன்.

அப்பாவின் லாமாக்கள் அவள் தொழுவத்தில்தான் நின்றன. கீழ்க்காட்டுச் சூட்டில் அவற்றுக்கு நோய் வரும் என்பதால் எப்போதும் அங்கேதான் விட்டுவிட்டு, மூட்டையைக் கோவேறு கழுதையில் மாற்றிப் போவார். ஆனால் இவ்வளவு நாள் விட்டதே இல்லை. எப்போது வருவதாகச் சொன்னார் என்று கேட்டேன். “லாமாவக் கேளு. அதுங்களும் அதத்தான் என்னையக் கேக்குதுங்க” என்றாள். போர்வையைப் பற்றிக் கேட்டேன். முதுகில் கட்டியிருந்தாராம். “உள்ள என்னய்யான்னு கேட்டேன். ஒண்ணுமில்ல, போர்வ மட்டுந்தான்னான். வெறும் போர்வய எவனாச்சும் முதுகுல கட்டுவானா? பிள்ளத்தாச்சி வயித்தத் தடவுற மாதிரி அதத் தடவிக்கிட்டே போறான்” என்றாள்.

அக்கா, எனக்கு அன்றைக்குத்தான் ஆர்வம் தீப்பிடித்தது. கோபுரத்தில் சிக்னல் வரவில்லை என்றால் நாங்கள் ஊகிக்கமாட்டோம். மேலிருந்து ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுக்கொண்டே இறங்குவோம். அப்படியே இறங்கினேன். புல்வெளி முடிந்து பாசி பிடித்த குட்டை மரங்கள் ஆரம்பிக்கும் இடத்தில் மேகத்துக்குள் நுழைந்துவிட்டேன். பை ஈரத்தில் இரண்டு மடங்கு கனத்தது. தெரிந்த பாதைதான், இருந்தும் வழுக்கி விழுந்தேன், ரொட்டி மட்டும் தப்பித்தது.

அங்கே ஒரு பாறைக்கு அடியில் இரண்டு ஜெர்மன் பெண்கள் கூடாரத்தைக் காயவைத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் போலவே முதுகுப்பைக்காரர்கள். அரைகுறை ஸ்பானிஷ். மேலேயும் கீழேயுமாக அந்த மலையிலேயே வெகுநாளாகச் சுற்றுகிறார்களாம். எதற்கு என்று கேட்டேன், அவர்களுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அப்பாவின் படத்தைக் காட்டினேன். தெரியும் என்று துள்ளினார்கள். போகும்போது வழி தவறிய அவர்களுக்குப் பாதை காட்டி, வறுத்த சோளம் கொடுத்திருக்கிறார். திடீரென்று மழை பிடித்ததாம். தன் மழைத்தாளை எடுத்துப் போர்வையைச் சுற்றிக் கட்டிவிட்டு, இவர் தலையோடு கால் நனைந்தபடி நடந்தாராம். அந்தப் பெண்களில் ஒருத்தி தன் கோட்டைக் கொடுத்தபோது வாங்கவில்லையாம். தொப்பியில் அம்மாவுக்காகக் கட்டிய கறுப்புத் துக்கப் பட்டை இருந்ததா என்று கேட்டேன். இருந்தது என்றாள்.

ஒரு மனிதர் தான் நனைந்து போர்வையைக் காப்பாற்றினால் அது பரிசு. பரிசென்றால் வாங்கிக்கொள்ள ஆள் உண்டு. ஆனால் பரிசு கொண்டுபோகிறவர் ஏன் இன்னும் கறுப்பு கட்டியிருக்கிறார்? இந்த ஒரு இணைப்புதான் பொருந்தவில்லை.

மறுநாள் மழைக்கோட்டைக் கழற்றி, கம்பளிச் சட்டையைக் கழற்றி, கடைசியில் பனியனோடு கீழ்க்காட்டு ஊரான சான் இசித்ரோவில் போய் நின்றேன். வெயில், கொசு, லாரிப் புகை. கடைக்கார ஹொனொராத்தோவிடம் அப்பாவைப் பற்றிக் கேட்டதுமே கையை நீட்டிவிட்டான், ஆற்றுக்கு அந்தப் பக்கம், அசுந்தாவின் அன்னாசித் தோட்டம். பிறகு என்னைப் பார்த்து, என் பையைப் பார்த்து, ரொட்டியைப் பார்த்தான். “செலஸ்தினோ பையனா? சரிதான். ரொட்டி இருக்கு. குப்பி எங்க? அசுந்தா வீட்டுக்குப் பாதிக் கையோடவா போவ?” என்று ஒரு கரும்புச் சாராயக் குப்பியை என் தலையில் கட்டினான். ஒரு மாதிரியாகச் சிரித்தான். வியாபாரி சிரிப்பு என்று நினைத்தேன்.

அசுந்தாவுக்கு அம்மா வயதுதான் இருக்கும். விதவை. குரல் ஆற்றைத் தாண்டிக் கேட்கும். அப்பா வயலில் இருந்தார். அவள் அண்ணன் தியோதோசியோவும் இன்னொரு சகோதரனும் வாசலில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார்கள். நான் பையை இறக்கி, மரியாதைக்கு ரொட்டியையும் குப்பியையும் எடுத்து அவர்கள் முன்னால் வைத்தேன். அவ்வளவுதான். இருவரும் கத்தியைக் கீழே போட்டார்கள், தொப்பியைக் கழற்றினார்கள், உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை! நகரத்தில் இருந்து இருந்து மூளை துருப்பிடித்துவிட்டது. பெரிய வட்ட ரொட்டியும் குப்பியும் ஒன்றாக ஒரு வீட்டு வாசலில் இறங்கினால் நம்மவர்களுக்கு அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான். தியோதோசியோ தொண்டையைச் செருமிக்கொண்டு, என்ன விஷயமாக வந்திருக்கிறீர்கள் என்று முறைப்படி கேட்டான். விசாரிக்கிறான் என்று நினைத்து எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “எங்கப்பா விஷயமாத்தான் வந்திருக்கேன். இழுக்கறதெல்லாம் எனக்குப் பிடிக்காது. இன்னிக்கே பேசி முடிச்சிரலாம்” என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “பையன் நறுக்குன்னு பேசறான்பா. இவனுங்க ஊர்ல பொண்ணு கேக்க வந்தா பொழுது சாயிற வரைக்கும் மழையப் பத்தியே பேசுவானுங்க” என்றான் இளையவன். கோப்பை நிறைந்து என்னிடம் வந்தது. நடந்து வந்த தாகத்தில் குடித்துவிட்டேன். உள்ளேயிருந்து அசுந்தா, “குடிச்சிட்டானா?” என்று கேட்டாள். குடித்துவிட்டான் என்றார்கள். அந்த நேரம் பார்த்து அப்பா வாழைத்தாரோடு வந்து நின்றார். ரொட்டி, குப்பி, சட்டை மாற்றிய மைத்துனர்கள், கையில் காலிக் கோப்பையோடு நான். வாழைத்தாரைக் கீழே போட்டுவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! அம்மா போன பிறகு நான் அந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை அக்கா. “ஊரு உலகத்துல தகப்பன்தான் மவனுக்குப் பொண்ணு கேப்பான். எம்மவன் எனக்குக் கேட்டுட்டான்” என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆமாம். உன் தம்பி அப்பாவைக் கூட்டிவரப் போய், அவருக்குப் பெண் கேட்டுவிட்டு வந்திருக்கிறான். தெரியாமல் செய்ததுதான். ஆனால் கோப்பையைக் குடித்த பிறகு இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொன்றையும் உள்ளபடி சொல்கிறேன், இல்லை என்று சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

இப்போது போர்வை. வந்த அன்றே அப்பா அதை அசுந்தாவிடம் நீட்டியிருக்கிறார். அவள் திட்டிய திட்டைத் தியோதோசியோ எனக்கு நடித்தே காட்டினான். “செத்தவ போர்வைய எனக்குப் போத்துறியா? பொண்ணு இல்லியா ஒனக்கு? அவளுக்கு உள்ளத எடுத்தாந்து எங்கிட்ட நீட்ட வெக்கமா இல்ல?” என்றாளாம். அன்றிலிருந்து நான் போகிற வரை அது மழைத்தாளோடு அவள் வீட்டு உத்தரத்தில் தொங்கியது. யாரும் தொடவில்லை.

அடுத்து, அந்தப் பொருந்தாத இணைப்பு. அப்பா அசுந்தா வீட்டில் தூங்குவதில்லை. அன்னாசிக் கொட்டகையில் தூங்குகிறார். துக்கத்தோடு வருகிறவனை வீட்டுக்குள் படுக்க விடமாட்டேன் என்கிறாள் அவள். கறுப்பைக் கழற்றிவிடுங்கள் என்று நானே சொன்னேன், அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது, போன வருடமே எல்லோருக்கும் கழற்றியாயிற்று. அவர் தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “உங்கக்கா அங்கன தனியாக் கறுப்புல திரியிறா. அவளுக்குக் கழட்டிவிட ஆளு இல்ல. நான் மட்டும் எப்படிரா” என்றார். உன்னிடம் கேட்டீர்களா என்றேன். “கேட்டா அழுவா” என்றார்.

இவ்வளவுதான் விஷயம். அவர் கொட்டகையில் கிடப்பது அசுந்தாவுக்காக மட்டுமில்லை. வீட்டுக்கு வந்தால் அம்மா இல்லை, அங்கே போனால் கறுப்பு உள்ளே விடாது, நடுவில் அன்னாசி வாசனையில் படுத்திருக்கிறார். நடவுக்கு மேலே வருவார், அது உறுதி. தனியாக வருவாரா, சத்தமாகப் பேசும் ஒருத்தியோடு வருவாரா என்பதுதான் கேள்வி. குளிருக்கு இப்போதே பயப்படுகிறாள் அவள். என்னைப் பார்த்து, “கோபுரத்துல ஏறுவானாம், எங்க வெண்ணெய்ப்பழ மரத்துல ஏறச் சொன்னா கால் நடுங்குது” என்று ஊரையே கூட்டிச் சிரித்தாள். எனக்கு அவளைப் பிடித்திருக்கிறது. உனக்குப் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

குப்பியில் பாதிதான் காலியானது. பிள்ளைகள் இரண்டு பேர், மூத்தவள் வார்த்தை வரவில்லையே என்று தியோதோசியோ நிறுத்திவிட்டான். தக்கையை அடைத்து, போர்வைக்குப் பக்கத்தில் அந்த உத்தரத்திலேயே கட்டினான். அதில் உன் கோப்பை இருக்கிறது. நீ சரி என்றால்தான் திறப்பார்கள்.

போர்வையை நான் வாங்கி வந்துவிட்டேன். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் எடில்பர்த்தா கையில் அது இருக்கும். அவள் நம் பக்கத்து ஊர்க்காரி, முறை எல்லாம் தெரியும். கறுப்பைத் தானே கழற்றக் கூடாது, இன்னொருவர்தான் கழற்ற வேண்டும். அதற்காகத்தான் அவள் மிலானுக்குக் கிளம்புகிற வரை காத்திருந்து அனுப்புகிறேன். அவள் உன் கறுப்பைக் கழற்றி அம்மாவின் சிவப்பைப் போர்த்தட்டும். அந்தப் பாட்டியம்மா வீட்டுச் சமையலறையில் ஒரே ஒரு சுற்றாவது ஆடுங்கள், ஆடாமல் கழற்றினால் கழற்றியதாகாது. புதைக்கும்போது நீ இல்லை என்பதற்காக நீ வாழ்நாளெல்லாம் கட்டியிருக்க வேண்டியதில்லை. உன்னிடம் அப்போது அங்கே தங்குவதற்கான காகிதம் சரியாக இல்லை, புறப்பட்டிருந்தால் திரும்பப் போயிருக்க முடியாது. அம்மாவே கடைசி நாட்களில் போனில் வராதே என்று சொன்னாள், பக்கத்தில் நின்று கேட்டவன் நான்.

கழற்றினால் அந்தப் போர்வையோடு ஒரு படம் எடுத்து அனுப்பு. சரி என்று எழுதக்கூட வேண்டாம். படத்தை எடுத்துக்கொண்டு பையை மாட்டி மறுபடி இறங்குவேன். மனம் வரவில்லை என்றால் அதையும் எழுது, அதையும் நானே சுமந்துபோய் அவரிடம் சொல்வேன், உன் மேல் கோபம் வராது.

மலைகள் உனக்குத் துணை நிற்கட்டும். அம்மா உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும். நேரத்துக்குச் சாப்பிட மறக்காதே.

இன்னொன்று. அந்தத் தக்கை அவ்வளவு இறுக்கமில்லை, நானே தொட்டுப் பார்த்தேன். காட்டு வெயிலில் சாராயம் வற்றும். நாள் கடத்தாதே அக்கா.

உன் தம்பி,
எல்மர்