ஹோலில் வைத்துக் கேட்கட்டும்

22 ஜனவரி 2025, புதன்

கிளினிக் நாள். டொக்டர் ஜீவராஜ் இந்த முறை குளிசையை மாற்றவில்லை. "நோவு எப்ப கூடுது, எப்ப குறையுது எண்டு ஒவ்வொரு நாளும் எழுதி வைங்க, பாப்பம்" என்றார்.

எழுதுகிறேன். காலையில் எழும்பும்போது, உடம்புக்குள் யாரோ ஈரச் சாரனைப் பிழிவது போல. பகலில் தோளும் இடுப்பும். அஸர் தொழுகைக்குப் பிறகு விரல்கள். இதற்கு ஒரு பெயர் இருக்கிறது, பைப்ரோமயால்ஜியா. எக்ஸ்ரேயில் தெரியாது. இரத்தத்தில் தெரியாது. மொண்டிசோரியில் பிள்ளைகளோடு தரையில் இருந்து பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள் நான். ஒரு நாள் தரையிலிருந்து எழும்ப முடியாமல் பிள்ளைகள் கைபிடித்து இழுத்தார்கள். அத்தோடு வேலையை விட்டேன்.

"கடிதம் தாறன். மாற்றுத்திறனாளி கொடுப்பனவுக்குப் போடுங்க" என்றார் டொக்டர். என் வீட்டுக்காரர் ஜெஸீம் மச்சானின் ஓட்டோவுக்கு இப்போது ஹயர் ஓட்டம் குறைவு. போடத்தான் வேண்டும்.

5 பெப்ரவரி, புதன்

பிரதேச செயலகத்தில் பொதுமக்கள் நாள். ஹோல் நிறையச் சனம். சமூக சேவை உத்தியோகத்தர் றிஸ்மி. எங்கள் ஊர்ப் பொடியன்தான், சல்மா உம்மாவின் கடைசி மகன். டொக்டரின் கடிதத்தை வாசித்துவிட்டு என்னை மேலிருந்து கீழே பார்த்தான்.

"ராத்தா, கை கால் எல்லாம் வடிவா இரிக்கி. இதுல என்ன அங்கவீனம்?"

"நோவு தம்பி. உள்ளுக்க."

"உள்ளுக்க எல்லாருக்கும்தான் நோவு. எங்க, குந்தி எழும்புங்க பாப்பம்."

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். அவன் பேனையால் மேசையைத் தட்டினான். குந்தினேன். மேசை விளிம்பைப் பிடித்து எழும்பினேன். "பிடிக்காம." திரும்பக் குந்தினேன். "இன்னொருக்கா." பின்னால் ஒரு பெண் "யா அல்லாஹ்" என்றாள். அவன் சனத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னான்: "எக்ஸர்சைஸ் நல்லாச் செய்றாங்க. இவங்களுக்கும் காசு வேணுமாம்."

சிரித்தார்கள். எல்லாரும் இல்லை. ஆனால் சிரிச்சாங்க.

ஏன் எழும்பினன்? விழுந்து கிடந்திருக்க வேணும். இல்லை, விழுந்திருந்தா நடிக்கிறாள் எண்டு எழுதியிருப்பான். எழும்பினதால நோவில்ல எண்டு எழுதுவான். ரெண்டு பக்கமும் கதவப் பூட்டிப்போட்டுத்தானே குந்தச் சொன்னான்!

11 பெப்ரவரி, செவ்வாய்

அன்றிலிருந்து படுக்கை. சோறு கடையிலிருந்து வருகிறது. நோவை எழுதச் சொன்னார் டொக்டர். பேனையை எடுத்தால் அவன் பெயர்தான் வருகிறது. றிஸ்மி. றிஸ்மி.

27 பெப்ரவரி, வியாழன்

நிராகரித்துவிட்டார்கள். "வேலை செய்யக்கூடிய உடல்நிலை." மேன்முறையீடு செய்யலாம் என்று கிராம சேவகர் சொன்னார்.

"விடு ஸுஹைறா. இவனுகளோட நமக்கென்ன?" என்றார் மச்சான்.

விடுவதா? குந்தியது நான்.

14 மார்ச், வெள்ளி

குளிசை இருப்பதால் என்னால் நோன்பு பிடிக்க முடியாது. ஆனாலும் மச்சான் நோன்பு திறக்கும்போது பக்கத்தில் இருந்து கையேந்துகிறேன். அநியாயம் செய்யப்பட்டவரின் துஆவுக்கும் படைத்தவனுக்கும் இடையில் திரையில்லை என்று ஓதப்போன வயதில் சொல்லித் தந்தார்கள். அந்தத் திரையில்லாத இடத்தில் நின்று பதுவாச் செய்கிறேன், அவனைச் சபிக்கிறேன். அவன் குந்தட்டும். எழும்ப முடியாமல் போகட்டும். பக்கத்தில் பிடிக்க ஒரு சுவர்கூட இல்லாமல் போகட்டும்.

"என்ன, அவ்வளவு நேரமாக் கேக்கிறாய்?" என்றார் மச்சான்.

"ஊர் நல்லா இருக்கத்தான்."

23 ஏப்ரல், புதன்

மேன்முறையீட்டை மச்சானைக் கொண்டு கொடுப்பித்தேன். ஜூனில் வைத்தியசபை முன் போக வேண்டுமாம்.

பக்கத்து வீட்டு அம்ஹா ஒரு செய்தி கொண்டுவந்தாள். றிஸ்மி அவனுடைய உம்மாவைக் கூட்டிக்கொண்டு இந்த வருடம் ஹஜ்ஜுக்குப் போகிறானாம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்ஹா பயந்துபோனாள்.

ஹஜ்ஜுக்குப் போகிறவன் வீடு வீடாய்ப் போய், "நான் ஏதும் செய்திருந்தால் பொருந்திக்கொள்ளுங்க" என்று கேட்க வேண்டும். படைத்தவனுக்குச் செய்த பிழையை அவன் மன்னிப்பான். மனிசருக்குச் செய்ததற்கு அந்த மனிசர்தான் மன்னித்துப் பொருத்தம் கொடுக்க வேண்டும். மக்காவுக்குப் போனாலும் என்னுடையது என் கையில்தான்.

வருவான். இன்றிலிருந்து பதுவாவை நிறுத்திவிட்டேன். இனித் தேவையில்லை.

2 மே, வெள்ளி

வந்தான். ஜும்ஆ முடிந்த கையோடு, வெள்ளை ஜுப்பா, அத்தர் வாசம். மச்சான் ஓடிப்போய்க் கதிரையைத் துடைத்தார்.

"ஹஜ்ஜுக்குப் போறன் ராத்தா. தெரிஞ்சோ தெரியாமலோ ஏதும் செஞ்சிருந்தா பொருந்திக்கிருங்க." எல்லா வீட்டிலும் சொல்லிச் சொல்லி வழுவழுப்பான வசனம்.

"தெரிஞ்சு செஞ்சதா, தெரியாமச் செஞ்சதா?" என்று கேட்டேன்.

முகம் மாறியது. "அது... ஒபிஸ் விசயம் ராத்தா. கடமை."

"பொருத்தம் தாறன். ஆனா இங்க இல்ல. பொதுமக்கள் நாளில, அந்த ஹோல்ல, எல்லாருக்கும் கேக்கிற மாதிரிக் கேளுங்க. அண்டைக்குக் கதைச்ச அதே சத்தத்தில."

"ஹோல்லயா? நான் ஒரு உத்தியோகத்தன் ராத்தா."

"உத்தியோகத்தனாத்தானே செஞ்சீங்க?"

தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டான். மச்சான் என்னோடு கதைக்கவில்லை. நான் அந்தத் தேத்தண்ணியையும் குடித்தேன். நல்ல ருசி.

8 மே, வியாழன்

 

காலையில் அம்ஹா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "றிஸ்மிக்குப் பொருத்தம் குடுத்திட்டீங்களாமே ராத்தா, நல்ல காரியம்" என்றாள்.

நான் எங்க குடுத்தன்?

மச்சான் ஓட்டோவின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பள்ளிவாசல்ல நாலு பேர் சுத்தி நிண்டு கேட்டாங்க. ஓம், அவ குடுத்திட்டா எண்டு சொல்லிட்டன். என்னை என்ன செய்யச் சொல்றாய்?"

என்ட நோவு. என்ட மானம். அத எடுத்து ஊருக்குக் குடுக்க இவர் ஆரு?

சந்தி வரைக்கும் நடந்து, வேறு ஓட்டோ பிடித்து றிஸ்மியின் வீட்டுக்குப் போனேன். நாளைக்குப் பயணம் என்பதால் வீடு நிறைய ஆட்கள். சல்மா உம்மா வாசலுக்கு வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். அந்தப் பிடிப்பே நொந்தது. "ஒங்கட சுகத்துக்கு அங்க போய் துஆச் செய்றன் மகள்" என்றார்.

நான் எல்லாரும் கேட்கச் சொன்னேன்: "ஒங்கட மகனுக்கு நான் பொருத்தம் குடுக்கல்ல உம்மா. எங்கட வீட்டுக்காரர் சொன்னது பொய்."

சல்மா உம்மா மகன் பக்கம் திரும்பினார்.

"என்ன செஞ்சாய் மகன் இவக்கு?"

நானே சொன்னேன். குந்தச் சொன்னதை, பிடிக்காமல் எழும்பச் சொன்னதை, சனத்தைச் சிரிக்க வைத்ததை. சல்மா உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார்.

றிஸ்மி எழும்பி முன்னால் வந்தான். "எல்லாருக்கும் முன்னால கேக்கிறன் ராத்தா. பொருந்திக்கிருங்க."

"இவங்க ஒங்கட ஆக்கள். ஹோல்ல இருந்தவங்க இல்ல."

திரும்பி நடந்தேன். கூட்டம் தானாக வழிவிட்டது.

இனிப்பாக இருந்தது. என் நாட்குறிப்பில் நான் ஏன் பொய் எழுத வேண்டும்? இனிப்பாகத்தான் இருந்தது.

10 மே, சனி

போய்விட்டார்கள். தெருவில் யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கல்நெஞ்சுக்காரி என்று பெயர். நோவுக்காரி என்று ஒருவரும் சொன்னதில்லை. இந்தப் பெயர் மட்டும் எவ்வளவு சுறுக்காக ஒட்டிக்கொண்டது!

5 ஜூன், வியாழன்

ஹாஜிமார் நிற்கிற அறபா மைதானத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். அவ்வளவு வெள்ளைக்குள் அவனைத் தேடினேன், பைத்தியக்காரி மாதிரி. கையேந்தி அழுகிறானா? அழட்டும். அங்கே கேட்டால் கிடைக்காத ஒன்று, என் பொருத்தம், இங்கே சாய்ந்தமருதில் என் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது.

சல்மா உம்மாவின் முகம்தான் இடையில் வருகிறது. அவர் எனக்கு என்ன செய்தார்? ஆசையாய்ப் போன பயணத்துக்கு என் சொல்லையும் சுமந்துகொண்டு போயிருக்கிறார். அவருடைய கையைப் பிடித்து ஒரு சொல் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். அவருக்கு மட்டும்.

11 ஜூன், புதன்

வைத்தியசபை. நீளமான மேசை, மூன்று டொக்டர்மார். தோள், முழங்கை, இடுப்பு எல்லாம் அமத்திப் பார்த்தார்கள். யாரும் குந்தச் சொல்லவில்லை. வீட்டில் என்னென்ன செய்ய முடியாது என்று கேட்டார்கள். எங்கே தொடங்குவது?

கதவடியில் நின்ற மச்சான் கேட்காமலே உள்ளே வந்தார். ஒரு மாதமாக என்னோடு சரியாய்க் கதைக்காதவர்.

"இவவால சீப்பப் பிடிச்சு கைய மேல தூக்க ஏலா டொக்டர். தலை வாரி விடுறது நான்தான். சட்டைக் கொக்கி போட்டு விடுறதும் நான்தான். ஒருத்தருக்கும் சொன்னதில்ல, வெக்கம்."

நிலத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அந்தப் பெரிய டொக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனையைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

வரும் வழியில் ஓட்டோவை ஓரங்கட்டி எனக்கு இளநீர் வெட்டுவித்துத் தந்தார். "அந்தப் பொய்க்கு நீ பொருந்திக்க" என்றார், முன் கண்ணாடியைப் பார்த்தபடி.

இவருக்குக் கொடுத்தேன். அப்பவே, நடு ரோட்டில். அவ்வளவு லேசாக வந்தது எனக்கே ஆச்சரியம்.

25 ஜூன், புதன்

ஹாஜிமார் திரும்பிவிட்டார்கள். தெருவுக்கெல்லாம் ஸம்ஸம் தண்ணீரும் பேரீச்சம்பழமும் வந்தன. எனக்கும் வந்தது. ஸம்ஸம் என்ன பிழை செய்தது? குடித்தேன். பழத்தைத் திருப்பி அனுப்பினேன்.

16 ஜூலை, புதன்

கொடுப்பனவு கிடைத்துவிட்டது! கடிதத்தை மச்சான் இரண்டு தரம் வாசித்துக் காட்டினார். சந்தோசம். ஆனால் இது டொக்டர்மார் தந்தது. அவன் எடுத்ததை அவன் இன்னும் தரவில்லை.

30 ஜூலை, புதன்

மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான் அம்ஹா வாசல் படியேறினாள். வாதத்தில் அவளுடைய விரல்கள் மடங்கிப் போயிருக்கின்றன. இத்தனை நாள் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறாள்.

"கொடுப்பனவுக்குப் போட, செயலகக் கந்தோருக்குத் தனியப் போகப் பயமா இரிக்கி ராத்தா. நீங்க சும்மா பக்கத்தில வந்து இருந்தாக் காணும்."

போனேன். அதே ஹோல். றிஸ்மிக்கு மொட்டையில் முடி முளைத்திருக்கிறது, ஹாஜியார் என்று கூப்பிடுகிறார்கள். முன்னால் நின்ற ஒரு வயதானவரிடம், "என்ன காக்கா, நல்லா நடந்துதானே வந்தீங்க" என்று சத்தமாய்த் தொடங்கினான். என்னைக் கண்டான். குரல் அப்படியே இறங்கியது. எழும்பிப் போய்க் கதிரை இழுத்துப் போட்டான். அந்த மனிசருக்கும், பிறகு அம்ஹாவுக்கும். விரல்களைப் பார்த்தான், எழுதினான், "கிளினிக் கொப்பி கொண்டாந்தீங்களா" என்று மெல்லக் கேட்டான். அவ்வளவுதான்.

நான் ஒரு சொல் கதைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன். அவன் வியர்வையைத் துடைத்தான். அடடா!

வெளியே வரும்போது விறாந்தையில் பின்னால் வந்தான். "ராத்தா... அந்த விசயம். உம்மா நாளும் கேக்கிறா."

"உம்மாக்கு என்ட ஸலாத்தச் சொல்லுங்க. அவவோட எனக்கு ஒண்டுமில்ல" என்றேன். "ஒங்கடது, இந்தா ஹோல் நிறையச் சனம் இரிக்கி. உள்ளுக்க போய் இப்பவே கேளுங்க."

கதவு வழியாக உள்ளே பார்த்தான். சனத்தையும் பார்த்தான், என்னையும் பார்த்தான். கேட்காமல் தன் மேசைக்குப் போய் இருந்தான்.

20 ஆகஸ்ட், புதன்

இடுப்பு நோவு காலையிலிருந்து கடுமை. ஆனாலும் போனேன். இன்றைக்கு என்னோடு மூன்று பேர். ஒருத்தி அடுத்த தெருவிலிருந்து, இரண்டு பேர் கடற்கரைப் பக்கமிருந்து, அம்ஹா சொல்லி வந்தவர்கள். மச்சான் எல்லாரையும் ஓட்டோவில் அடைத்துக்கொண்டு போனார். காசு வாங்கவில்லை. முன்வாங்கில் எனக்கு இப்போது யாரும் சொல்லாமலே இடம் விடுகிறார்கள். மூன்று பேருக்கும் கதிரை கிடைத்தது. ஒருவரையும் குந்தச் சொல்லவில்லை.

அவன் இன்னும் கேட்கவில்லை. எனக்கு அவசரமில்லை.