வைய மறந்த நாட்கள்

மதினி,

இன்று காலை மாடி வீட்டிலிருந்து ஒரு கருகல் வாடை வந்தது. சவ்வரிசியைத் தேங்காய்ச் சிரட்டையில் போட்டுக் கருக்குகிற வாடை. மாடி வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருக்கிற பெண், பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைக்க மை காய்ச்சிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அப்படியே நின்றேன். பால் பொங்கி வழிந்தது. நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தப் பாலுக்கும் அடுப்புக்கும் எனக்கும் சேர்த்து ஒரு வசவு விழுந்திருக்கும்.

உங்கள் வாயைப் பற்றி ஊரே பேசியிருக்கிறது. என் அண்ணன் உங்களைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊர் சிலமலைக்கு வந்த அன்றைக்கே, வாசலில் ஆரத்தித் தட்டைத் தட்டிவிட்ட சின்னப் பையனை 'வெளங்காத பயலே' என்று வைதீர்களே, எங்கள் அப்பா அன்று சாப்பிடாமல் எழுந்துவிட்டார். எங்கள் வீடு அப்படி. நான் சிறுமியாக இருந்தபோது ஒரு தரம் 'சனியன்' என்று சொன்னதற்கு என் வாயில் மிளகாய்ப்பொடியைத் தடவியவர் அவர். அதோடு என் நாக்குக்கு வசவு என்பதே மறந்துவிட்டது. "மொறைக்காரி நீ. நாத்தனாக்காரி மதினிய வையலன்னா வேற யாரு வைவா? ஒரு தடவையாச்சும் வையேன்டி" என்று எத்தனை முறை என்னைச் சீண்டியிருப்பீர்கள். எனக்குச் சிரிப்புதான் வரும். வார்த்தை வராது.

எழுபதுகளில் மழை பொய்த்துக் கிணறுகள் காய்ந்தபோது நம் இரண்டு குடும்பமும் ஒரே ஜீப்பில் போடிமெட்டு மலை ஏறினோம். ஏலத்தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீடுகளில், அடுத்தடுத்த வீடு. நானும் மற்றப் பெண்களும் ஏலக்காய் எடுக்கப் போனோம். நீங்கள் பிள்ளைக் கொட்டகைக்கு ஆயாவாகப் போனீர்கள். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை நாள் முழுக்கப் பார்த்துக்கொள்கிற தகரக் கொட்டகை. என் மகள் செல்வியும் அங்கேதான் வளர்ந்தாள்.

வசவு என்றால் என்ன வசவு! கஞ்சி குடிக்காதவன் வெளங்காத பய. கஞ்சி குடித்துவிட்டு இன்னும் கேட்கிறவனும் வெளங்காத பய. தலை சீவ வராதவள் வெளங்காத சிறுக்கி. தமிழில் தீர்ந்துபோனால் பக்கத்து லயத்து மலையாளத்துக்காரிகளிடம் கடன் வாங்கி, 'எடா பட்டி', அதாவது 'டேய் நாயே', என்று ஒரு போடு. காலை ஜீப் மேட்டில் இரைக்கும்போது ஜீப்பையும் விடமாட்டீர்கள். கொட்டகைப் பக்கம் போனால் நீங்கள் பிள்ளைகளை வைகிற சத்தமும், அவர்கள் கெக்கலி கொட்டுகிற சத்தமும் சேர்ந்தே கேட்கும்.

ஆனால் உங்களுக்கும் ஒரு கட்டுப்பாடு இருந்தது. வெளியாட்களுக்கு அது தெரியாது. பெற்றவளை இழுக்கிற வார்த்தை உங்கள் வாயில் வந்ததில்லை. 'நாசமாப் போ', 'கட்டையில போ' என்று சாபம் விட்டதில்லை. விளக்கு வைத்துவிட்டால் 'சனியன்' கூடக் கிடையாது. அந்த நேரத்தில் வேறு என்ன பேசுவதென்று தெரியாமல், பாதி நாள் வாயை மூடிக்கொண்டு அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பீர்கள். பிடிக்காதவர்களை நீங்கள் வைததே இல்லை. கங்காணி வந்தால், 'வாங்க, இருங்க, சொல்லுங்க' என்று பேசுவீர்கள். காலில் அட்டை ஏறினால் ஒரு சொல் சொல்லாமல் உப்புத் துணியை வைத்து அழுத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பீர்கள்.

பிள்ளைகளை அப்படி வைவதன் காரணத்தை ஒரே ஒரு தடவை சொன்னீர்கள். காய் எடுத்துவிட்டு வந்து நான் ஈரச் சேலையோடு செல்வியைத் தூக்கி 'என் தங்கமே' என்று முத்தம் கொடுத்தேன். நீங்கள் பிள்ளையை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டீர்கள்.

"அப்படிச் சொல்லாத புள்ள. நான் தங்கம் தங்கம்னுதான் கொஞ்சுனேன். ஊரே ராசா மாதிரி இருக்கான்னுச்சு. கேட்டுட்டாருல்ல மேல உள்ளவரு, தூக்கிட்டுப் போயிட்டாரு. வெளங்காத பயலத் தூக்க எந்தச் சாமி வரப்போகுது?"

உங்கள் மகன் தவழ்கிற வயதில் போனவன். எனக்கு அது தெரியும். ஆனால் அதன் பிறகு நீங்கள் கொஞ்சுகிற இடத்திலும் வைய ஆரம்பித்தீர்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. என் பிள்ளையை நீங்கள் ஒவ்வொரு முறை வையும்போதும் வேலி கட்டிக்கொண்டிருந்தீர்கள் என்று நினைத்தேன். அன்று முதல் எனக்கு உங்கள் வாயின் மேல் இருந்த கொஞ்சநஞ்சக் கூச்சமும் போயிற்று. என் வீட்டுக்காரருக்குத்தான் போகவில்லை. "புள்ள பள்ளிக்கூடத்துல போயி வாத்தியார 'வெளங்காத பயலே'ன்னா என்னடி செய்வ?" என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்விதான்.

வாத்தியார் வரைக்கும் போகவில்லை. புதிதாக வந்த கணக்கப்பிள்ளையின் மனைவியோடு நின்றது. சமவெளியிலிருந்து வந்த சின்னப் பெண், கையில் சில மாதக் குழந்தை. மழையும் அட்டையும் புகையுமாக இருக்கிற இந்த மலையில் பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று மிரண்டுபோய் இருந்தாள். தன் குழந்தையைப் பகலில் விட இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்கக் கொட்டகைக்கு வந்தாள். வாசலில் நின்றிருந்த என் மகள், நாலு வயது, வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள்: "வாடி வெளங்காத சிறுக்கி, உக்காரு. அத்தே, சாக்கு எடுத்துப் போடு!"

வந்தவளை வரவேற்கிற வார்த்தை அதுதான் என்று பிள்ளை நினைத்திருக்கிறது. அந்தப் பெண் முகம் சிவந்து திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் கணக்கப்பிள்ளை வந்தார். "புள்ளைக வாயக் கெடுக்குற ஆளு இங்க வேண்டாம். இன்னொரு தடவ காதுல விழுந்துச்சு, களையெடுக்கத்தான் போகணும்" என்றார். நீங்கள், "சரிங்க" என்றீர்கள். அவ்வளவுதான்.

களையெடுப்பது உங்களுக்குப் பெரிய வேலையில்லை. வயலில் பிறந்த கை. ஆனால் அந்தக் கொட்டகை இல்லாமல் நீங்கள் எப்படி இருப்பீர்கள்? அன்று மாலை என் வீட்டு வாசலில் உட்கார்ந்து, "புள்ளைகள விட்டுட்டு இருக்க முடியாது. வாயக் கட்டிக்கிறேன்" என்றீர்கள். கண் கலங்கியிருந்தது. உங்களை அப்படி நான் பார்த்ததில்லை.

கட்டிக்கொண்டீர்கள். அதற்கப்புறம் கொட்டகையைத் தாண்டிப் போனால் சாவு வீட்டைத் தாண்டுகிற மாதிரி இருந்தது. 'வாங்க, உக்காருங்க, கஞ்சி குடிங்க கண்ணு' என்று உங்கள் குரல் கேட்கும். பதிலுக்கு ஒரு சத்தமும் இருக்காது. எப்போதும் இரண்டாம் தரம் கேட்டு வாங்குகிற பிள்ளைகள் கஞ்சியைப் பாதியில் வைத்தன. ஒரு சாயங்காலம் செல்வி என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அம்மா, அத்தைக்கு எங்களப் பிடிக்கலையா?"

"ஏன்டி?"

"வாங்க போங்கன்னு சொல்றாக. கங்காணிகிட்டப் பேசுற மாதிரி."

நான் இதை உங்களிடம் சொன்னேன். வெற்றிலையைக்கூட மெல்லாமல் கையில் வைத்திருந்தீர்கள்.

பிறகு ஒரு நாள், நான் கையில் முள் ஏறிச் சீக்கிரம் திரும்பிக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தபோது, கணக்கப்பிள்ளையின் மனைவி தன் குழந்தையோடு வந்தாள். வேறு வழியில்லை அவளுக்கு; வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை. வருகிற வழியில் காய் எடுக்கிற பெண்கள் அத்தனை பேரும் குழந்தையை நிறுத்தி நிறுத்திப் பார்த்து 'ராசா மாதிரி இருக்கான்', 'என்ன நெறம்' என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் முகம் வெளுத்திருந்தது. குழந்தையை உங்கள் மடியில் விட்டாள். நீங்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா இருக்காருங்க" என்றீர்கள்.

அவள் போகவில்லை. வாசலில் நின்றாள். சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"எல்லாப் புள்ளையையும் வைவீங்களாம். இவன ஒண்ணும் சொல்ல மாட்டீங்களா?"

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். "நீங்கதான வேண்டாம்னீங்க?"

"கொஞ்சமா சொல்லலாம்ல."

"கொஞ்சமான்னா? உச்சியில எண்ணெ வைக்கிற மாதிரியா?" என்று கேட்டீர்கள். உங்கள் உதடு துடித்ததை நான் பார்த்தேன். பிறகு குழந்தையை முகத்துக்கு நேராகத் தூக்கினீர்கள். "ஏலே வெளங்காத பயலே, கருவாயா! இதெல்லாம் ஒரு மூக்காடா? நெறத்தப் பாரு, வெந்தும் வேகாத இட்டிலி! உன்னையப் போயி ராசாங்குறாளுகளே, அவளுக கண்ணுல மண்ண அள்ளிப் போட!"

குழந்தை சிரித்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூலையில் இருந்த பிள்ளைகள் எல்லாம் எழுந்து உங்கள் மேல் வந்து விழுந்தன. 'என்னைய வையி, என்னைய வையி' என்று ஒரே கூச்சல். களையெடுக்கப் போகச் சொன்ன பேச்சு அதோடு அமுங்கிப்போயிற்று. ஆனால் நீங்களும் ஒன்று செய்தீர்கள். "இது நம்ம கொட்டகப் பேச்சு. அசலாளுக வந்தா 'வாங்க'ன்னுதான் சொல்லணும். மாத்திச் சொன்னா வாயக் கிழிச்சுப்புடுவேன்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைத்தீர்கள். செல்வி கீழே போடியில் பள்ளிக்கூடம் சேர்ந்தபோது வாத்தியாரிடம் ஒரு குறையும் வாங்கி வரவில்லை.

எண்பதுகளின் கடைசியில் நீங்கள் போடி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தீர்கள். வயிற்றில் கட்டி. பார்க்க வந்தவர்கள் எல்லாம் மெதுவாக, மரியாதையாகப் பேசினார்கள். 'ஏ கழுத' என்று உங்களைக் கூப்பிட்டே பழகிய என் அண்ணன் டம்ளரைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் குடிம்மா" என்றார். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

"உங்க அண்ணன் 'குடிம்மா'ங்குறாரு. டாக்டரு என்ன சொன்னாருன்னு மறைக்காமச் சொல்லு."

நான் அண்ணன் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தேன். அன்று மத்தியானம் மதுரையில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த செல்வி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே வந்தாள். வாசலில் நின்று உங்களைப் பார்த்தாள். பையைத் தரையில் போட்டாள். "ஏ வெளங்காத கெழவி! இங்க வந்து படுத்துக்கிட்டு என்ன பவுசு உனக்கு? எந்திரி!" நர்ஸம்மா ஊசியோடு அப்படியே நின்றுவிட்டாள். நீங்கள் சிரித்தீர்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். செல்வி வைது வைது ஊட்ட, கிண்ணக் கஞ்சியையும் குடித்தீர்கள். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் ஒண்ணு சொல்லேன்டி" என்றீர்கள். நான் வாயைத் திறந்தேன். 'மதினி' என்பது மட்டும்தான் வந்தது. "போ, உனக்கு வராது" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

இன்று காலை மாடிப் பெண் மை வைத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பினாளாம். எல்லாரும் அழகு அழகு என்று எழுதினார்களாம். அதிலிருந்து பிள்ளை ஓயாமல் அழுகிறது என்றாள். என் கையில் கொடுத்தாள். கன்னத்தில் கருப்புப் பொட்டோடு அவன் என்னை உற்றுப் பார்த்தான். என் வாய் தானாகத் திறந்தது. "வெளங்காத பயலே" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். அவள் திகைத்துப்போய், பிறகு சிரித்தாள். நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். எழுதியதைத் திருப்பிப் படித்தால் நீங்கள், உங்கள் என்று பக்கம் முழுக்க ஒரே மரியாதை. நீங்கள் படித்தால், 'என்னடி, என்னையச் சாவு வீட்டுல கெடத்தியிருக்கியா?' என்பீர்கள். அதுவும் சரிதான். அத்தனை வருஷமும் ஒரு தரம், ஒரே ஒரு தரம் என்று என்னிடம் கேட்டீர்கள். இதோ, இப்போது வருகிறது.

அடி வெளங்காத சிறுக்கி, என்னைய விட்டுப்பிட்டு எங்கடி போயித் தொலஞ்ச?