தோளில் இருந்த விரல்கள்

செவ்வாய், ஐப்பசி 12

தஞ்சாவூரில் ஒரு வக்கீல் அலுவலகத்தின் காலாண்டிதழுக்குப் பக்கம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. இந்த இதழில், வாய்க்கால் வழக்கில் ஜெயித்த ஒரத்தநாட்டு அம்மாளின் படம் வந்திருக்கிறது. இன்று அவரே பிரதி வாங்க வந்தார். பக்கத்தைப் பிரித்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“எங்க வீட்டுக்காரரும் பக்கத்துல நின்னாருங்களே?”

“ஒரு பத்தி அகலத்துக்குள்ள ரெண்டு பேரு அடங்கலைம்மா. அதான் அவரை வெட்டிட்டேன்.”

“தீர்ப்பு வர்றதுக்கு ஒரு மாசம் முன்னாடி போயிட்டாருங்க. கேஸை நடத்தினதே அவருதான்.”

படத்தில் அந்த அம்மாளின் தோள்மேல் நான் விட்டுவைத்த நான்கு விரல்கள் மட்டும் இருந்தன. அவற்றைத் தடவிப் பார்த்தார்.

“இது அவரு கைதான்.”

முழுப் படத்தையும் பெரிதாக அச்செடுத்துத் தருகிறேன் என்றேன்.

“புத்தகத்துல வந்தாத்தானே நாலு பேரு பார்ப்பாங்க?” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

இப்போது மூலப் படத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். மெலிந்த மனிதர். சட்டையைக் கழுத்துப் பொத்தான்வரை போட்டு, நிமிர்ந்து நிற்கிறார். வெட்டும்போது நான் இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. இரவு மணி ஒன்றாகிறது. திரையை அணைக்கக் கை வரவில்லை.